வட்டம் போடாத பலகை

அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதே திலகா, வேற எதை வேணும்னாலும் சொல்லிக் கேளு, பலகைன்னு கேளு, மெத்தைன்னு கேளு, அம்பு வந்து குத்துற சாமான்னு கேளு, அதை மட்டும் வாயில எடுத்துடாதே, இவர் பக்கத்துலதான் நிக்கிறாரு, லிஃப்ட் மேல போயிட்டு இருக்கு, கதவு திறந்ததும் யாராவது வந்து என்ன வேணும் மேடம்னு கேட்பாங்க, அப்ப நான் முந்திக்கணும். குறின்னு கேட்கலாமா? ஐயோ, குறின்னு போய்க் கேட்டா சமயபுரம் போற வழியில சோழி உருட்டுற அம்மாகிட்ட அனுப்பி வெச்சிடுவாங்க, இல்லேன்னா கடைப் பசங்க ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கிட்டுச் சிரிப்பானுங்க, இந்த வயசுல எனக்கு அது தேவையா. இலக்குன்னு கேட்கலாம். ஆனா இலக்குன்னு யார் பேசுறா, பட்டிமன்றத்துல பேசுவாங்க, பன்னெண்டாவது பிள்ளைங்களை உட்கார வெச்சு மைக்ல பேசுவாங்க, கடையில வந்து இலக்கு இருக்கான்னு கேட்டா தீர்ந்து போச்சும்மா, திங்கக்கிழமை வாங்கன்னுடுவாங்க. அவ்வளவு பெரிய தமிழ்ல இந்த ஒரு சாமானுக்குக் கடைத்தெருவுல சொல்ல ஒரு பேர் இல்லை பாரு. இவர் என்னடான்னா லிஃப்ட் கண்ணாடியில சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறாரு. காலரைச் சரி பண்றாரு! ஷேவ் பண்ணிக்கோங்கன்னு மாசக்கணக்கா நான் கெஞ்சிக்கிட்டு இருந்த மனுஷன். நான் பார்க்காத மாதிரி பேட்மின்டன் விளம்பரத்தைப் படிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

கதவு திறந்தாச்சு. முழு மாடியும் விளையாட்டுச் சாமான், புது ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்குது. ஒரு பொம்பளை வர்றா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கடைக் கோட்டுல ஜெசிந்தான்னு பேர் குத்தியிருக்கு, முகம் பூரா சிரிப்பு. நான்தான் முந்தினேன். வில்லு புதுசா பழகுறவங்களுக்கு, வீட்டு மாடியில வெச்சு அம்பு விடுறதுக்கு, பலகை மாதிரி ஏதாச்சும்னு இழுத்தேன். டார்கெட் போர்டா மேடம்னா அவ, பளிச்சுனு. எனக்கு இருமல் வந்துருச்சு. வந்துச்சா, வரவழைச்சேன், அவ சொன்ன பாதியை அமுக்குற அளவுக்கு இருமினேன், அவ பதறிப்போய் தண்ணி தரவா மேடம்னு கேட்கிறா. கண்ணு மட்டும் இவர் கையிலேயே இருக்கு எனக்கு. முகத்தை நம்ப முடியாது, கையைத்தான் பார்க்கணும், நான் ரத்தப் பரிசோதனை லேப்ல ஊசி குத்துறவ, பயமே இல்லைன்னு வாயால சொல்ற ஆளோட விரல் எல்லாத்தையும் சொல்லிடும். இவருக்கு மனசு கலங்கினா வலது கட்டைவிரல் மத்த விரல் நுனியை ஒண்ணொண்ணாத் தொட்டுத் தொட்டு ஓடும், பாக்கியை எண்ணுற மாதிரி. இப்ப ஓடலை. கை சும்மாத்தான் தொங்குது. இவர் அந்தப் பொம்பளை பின்னாடி நடந்து போறாரு, நான் ரெண்டு எட்டு வேகமா வெச்சு அவ காதோரம் போய், அந்த இங்கிலீஷ் வார்த்தை வேணாம்மா, சாருக்கு ஆகாது, பலகைன்னே சொல்லுன்னேன். அவ என்னத்தைப் புரிஞ்சுக்கிட்டாளோ, ஏதோ ஜோசியக்காரன் சொன்னதுன்னு நினைச்சிருப்பா, சரிங்க மேடம்னு தலையாட்டிட்டா. மகராசி, எதுக்குன்னு கேட்கலை.

எங்க வீட்டுல அந்த வார்த்தை செத்துப் பத்து மாசம் ஆச்சு. நான்தான் கொன்னேன். என் தங்கச்சிகிட்ட சொல்லி வெச்சேன், பெங்களூர்ல இருக்கிற மகன்கிட்ட சொல்லி வெச்சேன், டிவியில செய்தி வாசிக்கிறவன் சொன்னாக்கூட ரிமோட்டைத் தூக்கிடுவேன். அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல காலையில எழுந்தா அதுதான் சுப்ரபாதம். மருந்து கம்பெனியில இவர் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் டாக்டரா ஏறி இறங்கி, ஏரியா மேனேஜர் ஆகி, கீழே ஏழெட்டுப் பசங்க, மாசம் பொறந்தா மேல இருந்து போன். டார்கெட் அடிச்சாச்சா, டார்கெட் அடிச்சாச்சா. நல்லா இருக்கியான்னு எவனும் கேட்டதில்லை. மனுஷன் பேரே கோதண்டராமன், கோதண்டம்னா வில்லு, பேர்லயே வில்லை வெச்சுக்கிட்டு அடிக்க முடியலையான்னு மேல இருக்கிறவன் மீட்டிங்ல கிண்டல் பண்ணுவானாம், இவர் வந்து என்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு, நானும் சிரிச்சிருக்கேன். கடைசி மீட்டிங் எனக்கு இப்பவும் காதுல நிக்குது, இவர் ஹால்ல லேப்டாப் முன்னாடி, நான் அடுப்படியில. ஒரு பையன் அந்த மாசம் அடிக்கலை, அவன் அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரு, எல்லாருக்கும் முன்னாடி அவனைத் திட்டுங்கன்னு இவர்கிட்ட மேல இருந்து சொல்றான். இவர் லேப்டாப்பைக் கிட்ட இழுத்துக்கிட்டாரு. அப்புறம், அவன் பேரை எடுத்துட்டு அந்த இடத்துல என் பேரைப் போட்டுக்குங்க சார், நான் அடிக்கலைன்னு எழுதிக்குங்கன்னாரு. குரலை உசத்தக்கூட இல்லை. நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இவரை அன்னிக்குப் பார்த்த மாதிரி நான் என்னிக்கும் பார்த்ததில்லை, போய்க் கட்டிக்கணும் போல இருந்துச்சு, தாளிப்பு கருகிப்போச்சு.

அதுக்கு அடுத்த வாரம்தான் அந்தக் காலை. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து ஒரு கால்ல சாக்ஸ் போட்டாரு. இன்னொரு சாக்ஸ் கையில இருக்கு. காபி கொண்டுபோனேன், அப்படியே இருக்காரு. குளிச்சிட்டு வந்தேன், அப்படியே. நேரமாச்சுங்கன்னேன், போடணும்னு தெரியுது திலகா, கை போகமாட்டேங்குதுன்னாரு. மத்தியானம் வரைக்கும் அந்தச் சாக்ஸ் கையிலேயே இருந்துச்சு. நான் பயந்து ரத்த அழுத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு, எல்லாம் சரியா இருந்ததுதான் எனக்கு இன்னும் பயம். மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா அவரு எழுதிக் கொடுத்த மாத்திரை இவர் இத்தனை வருஷமா எதிர்த்து வித்துக்கிட்டு இருந்த போட்டிக் கம்பெனியோடது. சீட்டைப் பார்த்துட்டு, கடைசியில இவனுக்கே என்னைக் கஸ்டமர் ஆக்கிட்டியேன்னு சிரிச்சாரு. அந்த ஒரு சிரிப்பை வெச்சுக்கிட்டு நான் எத்தனையோ நாள் ஓட்டினேன். வேலை வேணாம்னு எழுதிக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் என் தங்கச்சி மக கல்யாணப் பந்தியில, யாரோ தூரத்து மாமா, பாவம் ஒண்ணும் தெரியாதவரு, என்ன மாப்ளே இந்த மாசம் டார்கெட் அடிச்சாச்சான்னு தோளைத் தட்டினாரு. இவர் பாயசத்தை இலையில விட்டது விட்டபடி எழுந்து போயிட்டாரு. கை கழுவப் போறாருன்னு நினைச்சேன். தேடித் தேடி சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கண்டுபிடிச்சேன், கிளம்பாத ஒரு பஸ்ஸுல ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தாரு, எந்த ஊர் பஸ்ஸுன்னு கேட்டா தெரியலைங்கிறாரு. அன்னிக்குதான் அந்த வார்த்தையைக் கொன்னேன்.

இந்தப் பக்கம் வாங்க சார்ங்கிறா ஜெசிந்தா. மூணு விதம் வெச்சிருக்கா. ஒண்ணு வைக்கோலைத் திரிச்சுச் சுத்திச் சுத்தித் தெச்சது, பெரிய பானைக்குப் போடுற பிரிமணை மாதிரி. இன்னொண்ணு கைப்பிடி வெச்ச பை, உள்ள துணிக் கந்தல் அடைச்சிருக்கு, ரெண்டு பக்கமும் வட்டம் வட்டமா அச்சடிச்சிருக்கு, அம்பை ஒத்தை விரலால உருவிடலாமாம். மூணாவது ஃபோம் கட்டை, அடுக்கடுக்கா வெச்சு வார் போட்டு இறுக்கினது, கறுப்பு, மேல ஒண்ணுமே இல்லை. இவர் குனிஞ்சு வைக்கோலை மோந்து பார்க்கிறாரு. மழையில நனைஞ்சா பூசணம் பிடிக்குமில்லன்னு கேட்கிறாரு. பிடிக்கும் சார்ங்கிறா. பையைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்க்கிறாரு, நான் கையில நரம்பு தேடுற மாதிரியே, மெதுவா, ஒரு இடம் விட்டு இன்னொரு இடம். நாள்பட்டா உள்ள இருக்கிறது கீழ இறங்கிடும், அப்ப மேல அம்பு நிக்காதுங்கிறாரு. புதுசா பழகுறவன் வில்லுல அவ்வளவு வேகம் இருக்காதும்மா, பலகை ரொம்பக் கெட்டியா இருந்தா அம்பு குத்தாம எகிறிடும், ரொம்ப இளக்கமா இருந்தா பின்னாடி வந்துடும், அகலமா வேணும், கை நடுங்கினாலும் தவறக் கூடாதுன்னு அவகிட்ட விவரமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நான் வாயைப் பொளந்துக்கிட்டு கேட்கிறேன். இட்லியா தோசையான்னு கேட்டா ஏதோ ஒண்ணு போடு. நீலச் சட்டையா வெள்ளையா, ஏதோ ஒண்ணு எடு. இத்தனை மாசமா இவர் வாயில அந்த ஏதோ ஒண்ணைத் தவிர வேற எதுவும் வரலை, இந்த மனுஷன் இப்ப மூணுல இது வேணாம் இது வேணாம்னு தள்ளுறாரு. தள்ளுங்க, நல்லாத் தள்ளுங்க, கடை மூடுற வரைக்கும் தள்ளுங்க.

காலேஜ் மைதானத்துக்கு நடைப்பயிற்சிக்கு நான்தான் பிடிச்சுத் தள்ளி அனுப்பினேன். அங்க ஒரு ஓரத்துல நாலஞ்சு பேர் வில்லு விடுறாங்கன்னு வந்து சொன்னாரு. தானா வந்து ஒண்ணைச் சொன்னாரு! வேலி ஓரமா நின்னு பார்த்துட்டு வர்றேன்னாரு, நின்னாரு, தினம் நின்னாரு, கடைசியில அந்தக் கோச் எத்தனை நாள் சார் வெளியவே நிப்பீங்கன்னு உள்ள கூப்பிட்டுக் கையில ஒரு வில்லைக் கொடுத்துட்டாரு. போன ஞாயித்துக்கிழமை நான் ஒளிஞ்சுக்கிட்டுப் போய்ப் பார்த்தேன், வேப்பமரத்துக்குப் பின்னாடி, என்னமோ காதலிக்கிற பொண்ணு மாதிரி. இவர் நின்ன நிலை இருக்கே. காலை அகட்டி, இடது கையை நீட்டி, நாணை இழுத்துத் தாடையில வெச்சுக்கிட்டு, உலகத்துல அவசரம்னு ஒண்ணு இல்லைங்கிற மாதிரி நின்னாரு. தொந்தி கொஞ்சம் முன்னாடி வந்துச்சுதான், இருக்கட்டும். அம்பு எங்க போச்சுன்னு நான் பார்க்கவே இல்லை, ஆளைத்தான் பார்த்தேன். டாக்டர் ரூம் வாசல்ல பையோட கூனிக்கிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து வளைஞ்சிருந்த முதுகு, நேரா நிக்குது. இந்த முதுகையா நான் கட்டிக்கிட்டேன்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு. கண்ணு கலங்கிருச்சு, துடைச்சிட்டு முன்னாடியே வீட்டுக்கு வந்து ஒண்ணும் தெரியாதவ மாதிரி உப்புமா கிண்டினேன்.

ஜெசிந்தா வட்டம் அச்சடிச்ச தாளை எடுத்து விரிக்கிறா. வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, நட்ட நடுவுல மஞ்சள். கட்டை வெறுமனே இருந்தா எங்க சார் பார்த்து அடிப்பீங்க, இதை ஒட்டிக்குங்க, மஞ்சள் நடுவுல பட்டா பத்து, வெளிய போகப் போக ஒண்ணொண்ணாக் குறையும்ங்கிறா. பத்து, ஒன்பது, எட்டு, இதுவும் அதே கணக்குதானே, வாயால சொல்லாம தாள்ல அச்சடிச்சு வெச்சிருக்கானுங்களே. இவர் அந்தத் தாளை வாங்கினாரு. கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் பழையபடி மடிப்பு கலையாம மடிச்சு அவ கையில கொடுத்துட்டாரு. வேணாம்மா, முதல்ல வெறும் கட்டையிலதான் விடணும்னு கோச் சொல்லியிருக்காரு, வட்டத்தைப் பார்த்தா கண்ணு அங்க ஓடிடுமாம், கை என்ன பண்ணுதுன்னு மறந்து போயிடுமாம், கிட்ட நின்னு, எங்க பட்டாலும் சரின்னு விடணுமாம்னாரு. எங்க பட்டாலும் சரி! எங்க பட்டாலும் சரின்னு இவருக்கு யாராச்சும் ஒரு தடவை முன்னாடியே சொல்லியிருந்தா என்ன. இருந்தாலும் இந்த மனசு சும்மா இருக்கா. மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல வெச்சா அம்பு தொட்டியில பட்டுடுமோ, எதிர் வீட்டு லூர்து அம்மா துணி காயப்போட வந்து நிப்பாங்களே, பின்னாடி கெட்டியாப் படுதா கட்டணும், இதெல்லாம் போகட்டும், ஒரு மாசம் விட்டுட்டு அலுத்துப் போய் நிறுத்திட்டா? என் தங்கச்சி வீட்டு ட்ரெட்மில்லுல ஈரத்துணி தொங்குதே, அந்த மாதிரி இந்தக் கட்டையும் மாடியில புழுதி பிடிச்சு நின்னுச்சுன்னா? கட்டையைப் பார்த்துப் பார்த்து இவர் மறுபடி கட்டில் ஓரத்துக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நான் ஒருத்தி, நல்லது நடக்கும்போதுதான் கெட்டதையெல்லாம் கூப்பிட்டு வெச்சுப் பந்தி போடுவேன்.

இதையே எடுத்துக்கிறேன்மான்னு இவர் ஃபோம் கட்டையைத் தொட்டாரு. தொட்டு முடிக்கல, ஜெசிந்தா போன் அடிக்குது. அவ திரும்பி ரெண்டடி தள்ளிப் போய், பேட் மாட்டியிருக்கிற கம்பி ஓரமா நின்னுக்கிட்டு, குரலை அமுக்கிப் பேசுறா, ஆனா மாடி காலியாக் கிடக்கு, எல்லாம் கேட்குது. கஸ்டமர் இருக்காங்க சார். எடுத்துட்டாங்க சார், அதையும் சேர்த்துத்தான் சொல்றேன், இன்னும் ஒண்ணுதான் குறையுது. இல்ல சார், இல்ல சார், டார்கெட் அடிச்சிடுவேன் சார், ராத்திரிக்குள்ள அடிச்சிடுவேன். எனக்கு இருமக்கூட வரலை. எதுக்கு இருமுறது, அவ பலகையைச் சொல்லலையே, அவ சொன்னது அசல் வார்த்தை, எங்க வீட்டுல இருந்து நான் துரத்தின அதே வார்த்தை, அதே சார், அதே இல்ல சார். இவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓட ஆரம்பிச்சிருச்சு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி சுண்டுவிரல். லிஃப்ட் அந்தக் கோடியில இருக்கு, படிக்கட்டு இந்தப் பக்கம், எந்தப் பக்கமா ஓடுவாரு, பஸ் ஸ்டாண்டு இங்கிருந்து நடக்கிற தூரம்தான், கையைப் பிடிச்சுக்கவா, பிடிச்சா உதறிட்டா, கடவுளே, கட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போயிடலாம், உப்புமாவைத் தின்னுட்டு ஏதோ ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கட்டும், ஆள் இருந்தாப் போதும்.

ஜெசிந்தா திரும்பி வர்றா. அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இவர் எத்தனை வருஷம் அதைப் போட்டுக்கிட்டு டாக்டருங்க முன்னாடி நின்னாரு. சார் ரெண்டா எடுத்துக்குங்களேன், மாடிக்கு ஒண்ணு, மைதானத்துக்கு ஒண்ணுங்கிறா, குரல் லேசா பிசிறுது. எடுத்துடலாம்னு நான் பர்ஸைத் திறந்துட்டேன், ரெண்டு என்ன மூணு எடுக்கிறேன், இந்த இடத்தை விட்டுக் கிளம்பினாப் போதும். இவர் என் கை மேல கையை வெச்சு பர்ஸை மூடிட்டாரு. கை சில்லுனு இருக்கு, ஆனா கட்டைவிரல் ஓடலை.

"மாசக் கடைசியாம்மா?" ன்னாரு. அவ தலையாட்டினா.

"ரெண்டு எடுக்க மாட்டேன். எடுத்தா இந்த மாசம் நீ அடிச்சிடுவே. அடிச்சேன்னா அடுத்த மாசம் இதுக்கு மேல ஏத்திடுவாங்க. அப்புறம் அதையும் அடிக்கணும்."

எனக்கு இவர் மேல சுள்ளுனு கோபம் வந்துச்சு, என்ன மனுஷன், அவளுக்கு ஒண்ணுதானே குறையுது, வாங்கிப் போட்டா என்ன கொறைஞ்சா போயிடுவோம். ஜெசிந்தா முகத்துல அந்தச் சிரிப்பு அப்படியே நிக்குது, எங்க இறக்கி வைக்கிறதுன்னு தெரியாம நிக்குது. இவர் அவ முகத்தைப் பார்க்கலை, கீழ பார்த்துக்கிட்டு இருக்காரு. நானும் பார்த்தேன். செருப்பு வாருக்கு ரெண்டு பக்கமும் பாதம் உப்பிக்கிட்டு இருக்கு, காலையில இருந்து நின்ன கால். ஊசி குத்துறவ நான், என் கண்ணுல படலை, இவர் கண்ணுல பட்டிருக்கு.

"டார்கெட் அடிக்காத ஆளும்மா நான்" ன்னாரு இவர். வார்த்தையை முழுசா, நிறுத்தி, அவரே சொன்னாரு. "எல்லாரும் இருக்கிற மீட்டிங்ல, அடிக்கலைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் எழுந்திரிக்க முடியலை. இப்ப பாரு, நிக்கிறேன்ல."

பத்து மாசமா அந்த வார்த்தைக்கு நான் வாசல்ல காவல் இருக்கேன், இவர் உள்ள இருந்து அதைக் கையில பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்திருக்காரு, வேற ஒருத்திக்குக் கொடுக்கிறதுக்காக. என் ராசா. இவர் குனிஞ்சு ஃபோம் கட்டையைத் தூக்கி, படுக்கப் போட்டு, கையால தட்டி, உட்காரும்மாங்கிறாரு அவகிட்ட. ஐயோ சார், உட்காரக் கூடாது சார், கேமரா இருக்குங்கிறா. இருக்கட்டும், கட்டை தாங்குமான்னு கஸ்டமர் உட்கார்ந்து காட்டச் சொன்னாருன்னு சொல்லு, புதுசா வாங்குறவன் நாலையும் பார்த்துத்தானே வாங்கணும்ங்கிறாரு. அவ என்னைப் பார்க்கிறா. உட்காரு ஜெசிந்தான்னேன் நானும். அவ கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, மெதுவா, பாதி பாரத்தை மட்டும் வெச்சு உட்கார்ந்தா, அப்புறம் முழுசா உட்கார்ந்துட்டா. தாங்குது சார்னு சொல்லும்போது அவளுக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. போன் மறுபடி அடிக்குது, அவ எடுக்கலை. பில் போடணும், ஆட்டோ பிடிக்கணும், வீட்டுல சோறு வைக்கணும், இவருக்கு அவசரமே இல்லை. அவ உட்கார்ந்திருக்கா, நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிறோம்.